எந்த சாமியைக் கூப்பிடுற?

விடிகாலை நாலரை மணி. அமிர்தியில் ஜவ்வாது மலையின் இருட்டு இன்னும் கூரைக்கு மேலேயே கிடக்கிறது. அம்மா அடுப்பங்கரையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து, காதில் செல்போனை வைத்துக்கொண்டு, மகள் திரும்பத் திரும்ப முணுமுணுக்கிறாள்.

"லே ஸமி... லே ஸமி..."

"காலங்காத்தால எந்த சாமியடி கூப்புட்ற?"

"சாமி இல்லம்மா, பிரெஞ்சு. நண்பர்கள்னு அர்த்தம்."

"அதுக்கு ஃப்ரெண்டுங்கன்னு சொல்லிட்டுப் போயேன். சாமிய ஏன் இழுக்குற?"

அம்மாவின் காதில் ஒரு தப்பும் இல்லை. எழுத்தில் அவை இரண்டு சொற்கள். முதல் சொல் ‘லே’, இரண்டாவது ‘அமி’. ‘லே’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் எஸ் உண்டு. தனியாகச் சொன்னால் அது வாயில் வராது. பின்னால் உயிரெழுத்து வந்தால் மட்டும் ‘ஸ’ என்று எழுந்து வந்து, அடுத்த சொல்லின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். ‘லே, அமி’ என்பது ‘லே-ஸ-மி’ ஆகிவிடும். அம்மா அதைச் சாமியாகக் கேட்டார். மகளுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஓர் எஸ்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்திருந்தது.

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் அருவியும், 1967-ல் திறந்த உயிரியல் பூங்காவும், அங்கே இருக்கும் மானும் மயிலும் ஞாபகம் வரும். அம்மாவுக்கு அமிர்தி என்றால் காலை வேனும் ராத்திரி வேனும்தான். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரம் முழுக்கத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள்தான் அவற்றின் தையல் மெஷின்களை ஓட்டுகிறார்கள். அம்மாவுக்கு அதில் 18 வருட சர்வீஸ். ஷூவின் மேல்பாகத்தில் பாதத்தை முன்பக்கம் மூடுகிற துண்டுக்கு ‘வேம்ப்’ என்று பெயர். ஒரு நாளில் எத்தனை வேம்ப் அவர் கை வழியாகப் போகிறது என்பதை அவர் எண்ணுவதில்லை. சூப்பர்வைசர் எண்ணுகிறார்.

மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வேலூரில் பி.காம். முடித்துவிட்டு, அம்மா வேலை பார்க்கும் அதே கம்பெனியின் ஆபீஸில் சேர்ந்தாள். சாம்பிள் ஷூவுக்குச் சீட்டு ஒட்டுவது, வெளிநாட்டு மெயில்களைப் பார்த்து ஆர்டர் கணக்கு எழுதுவதுதான் வேலை. பிரான்சிலிருந்து வரும் ஆர்டர்கள் அவள் மேஜைக்கு வந்தன. "பிரெஞ்சு தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா, பையர் டெஸ்க்லயே போட்டுடலாம்" என்று மேனேஜர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சம்பளமும் கூடும். அன்று ராத்திரியே அவள் போனில் ஒரு பிரெஞ்சு ஆப் இறக்கினாள்.

மூன்று மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து பையர் வந்தார். சாம்பிள் பார்த்து முடித்து டீ குடிக்கும்போது, மேனேஜர் பெருமையாக, "இந்தப் பொண்ணு உங்க பாஷை கத்துக்குது" என்றார். அவரும் முகம் மலர்ந்து, அவள் குடும்பத்தைப் பற்றிப் பிரெஞ்சில் கேட்டார். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. ‘என் அம்மா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.’ எழுத்துகளை ஆங்கிலம் மாதிரியே கூட்டி வாசித்துச் சொன்னாள்.

"மா மேர் த்ரவாய் டான்ஸ் யூனே யூசினே."

பையர் குழம்பினார். பிறகு ஆங்கிலத்தில், "உங்க அம்மா டான்ஸ் ஆடுவாங்களா? ரொம்ப நல்லது!" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தையல் வரிசையில், அம்மா நிமிர்ந்து பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்துவிட்டு மறுபடி மெஷினில் குனிந்துகொண்டார். மகளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

தப்பு ஓர் எழுத்தில் இருந்தது. பிரெஞ்சில் ‘உள்ளே’ என்பதற்கான சொல்லின் கடைசி எஸ்ஸை வாய்விட்டுச் சொன்னால் அது ‘நடனம்’ என்ற சொல்லின் ஓசையாகிவிடும். அவள் சொன்னாள், அவருக்கு நடனம் கேட்டது.

அதன் பிறகு ஆபீஸில் அவள் பிரெஞ்சு பேசவில்லை. ஆப் மட்டும் போனில் இருந்தது. காலையில் திண்ணையில் காதோடு வைத்துக் கேட்பாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்திய அய்யாவைப் பார்க்கப் போனாள். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிறது. கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பிரெஞ்சுக்கு வந்தது. அவருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. "எங்க, அந்த வாக்கியத்தப் போடு. நான் கேக்கறேன்" என்றார்.

அவள் போனில் போட்டாள். அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரம், ஓசைக்கு ஏற்பத் தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

"தான்... ஸ்யூ... ன்யூ... ஸீன். நாலு தட்டு. எத்தன வார்த்த இது?"

"மூணு அய்யா. தான், யூன், யூஸீன்."

"மூணு வார்த்த எழுத்துல. வாய்ல அது ஒண்ணுதான். நீ ஒவ்வொரு வார்த்தையும் முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போற. அவங்க முடிக்கறதே இல்ல பாரு. மெய்யெழுத்து வந்தா, அத அடுத்த உயிர் மேல ஏத்திடறாங்க. இது நமக்குத் தெரியாததாம்மா? ‘நான் இல்லை’ன்னு தனித்தனியாவா சொல்லுவோம்?"

"நானில்ல."

"நா-னில்-ல. ‘ன்’ எங்க போச்சு? அடுத்த வார்த்தையோட போச்சு. அதேதான்."

அவளுக்குப் பத்தாம் வகுப்பு பெஞ்சில் மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ‘மெய்யோடு உயிர் சேரும்’ என்று பரீட்சைக்குப் படித்தது அது. 2 மதிப்பெண் கேள்வி. அதற்கு வெளியே அதற்கு ஒரு வேலை உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

பிரெஞ்சுச் சொல்லை அசையாகப் பிரிப்பதன் முதல் விதி இதுதான். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வந்தால், அது பின்னால் வரும் உயிரோடு போகும். நண்பர் ‘அ-மி’. அதனால் பிரெஞ்சு அசைகளில் பெரும்பாலானவை உயிரோசையில் திறந்தபடி முடியும். நடுவில் இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரிந்துகொள்ளும். நன்றி ‘மெர்-ஸி’. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணக் கூடாது, காதில் விழும் உயிரோசைகளை எண்ண வேண்டும். ‘போகூ’ என்றால் ‘நிறைய’. எழுதினால் 8 எழுத்து, சொன்னால் 2 அசை. பறவைகளுக்கு ‘வாஸோ’ என்று பெயர். 7 எழுத்து, ஆங்கிலத்தில் சொல்லும் ஐந்து உயிரெழுத்தும் அதற்குள் இருக்கின்றன. ஒன்றுகூடத் தன் சொந்த ஓசையில் ஒலிக்காது. இதுவும் 2 அசைதான்.

"நம்ம அசையில ரெண்டு குறில் சேந்தா நிரைன்னு ஒண்ணாக் கட்டிடுவோம். இவங்க அப்படிக் கட்டல. ஒரு உயிருக்கு ஒரு தட்டு. அத மட்டும் மாத்திக்க" என்றார் அய்யா. பிறகு, "அர்த்தம் ஒரு எடத்துல பிரியுது, ஓசை வேற எடத்துல பிரியுது. பாட்டுல சீர் பிரிக்கும்போது வார்த்தைய நடுவுல வெட்டுவோமே, வகையுளி. இவங்க பேச்சு முழுக்க வகையுளிதான்" என்று சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறும் போனாள். இந்தத் தடவை பட்டியல் போட்டுக்கொண்டு போனாள். ‘லே’யும் ‘அமி’யும் சேர்ந்தால் நடுவில் ‘ஸ’ வருகிறது. ‘நெஃப்’ என்றால் ஒன்பது. ஆனால் ‘ஒன்பது மணி’ என்று சொல்லும்போது ‘ஃப்’ மாறி ‘வ்’ ஆகி, ‘நெ-வெர்’ என்று ஒலிக்கிறது. ‘லெ’யும் ‘அமி’யும் சேர்ந்தால் ‘லெ’யில் இருக்கும் எகரம் காணாமல் போய் ‘லமி’ ஆகிறது.

அய்யா மூன்று விரலை மடக்கினார். "ஒண்ணுல எழுத்து தோணுது. ஒண்ணுல திரியுது. ஒண்ணுல கெடுது."

"தோன்றல், திரிதல், கெடுதல்!" அவள் கத்தியே விட்டாள்.

உள்ளேயிருந்து அய்யாவின் வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, பரீட்சையா?"

அதோடு நிற்கவில்லை. இரண்டு உயிர் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் தமிழ் நடுவில் ஒரு ‘ய்’யோ ‘வ்’வோ வைத்துச் சமாதானம் செய்யும். ‘மணி அடித்தது’ என்பது ‘மணியடித்தது’ ஆகும். உடம்படுமெய். பிரெஞ்சும் அந்த முட்டலை விரும்பாது. ‘அவரிடம் இருக்கிறது’ என்பது ‘இ-லா’. அதையே கேள்வியாகத் திருப்பினால் ‘ஆ, இல்’ என்று இரண்டு உயிர் முட்டும். உடனே நடுவில் ஒரு ‘த’ போட்டு ‘ஆ-தில்’ என்பார்கள். அந்தத் ‘த’வுக்கு அர்த்தம் கிடையாது. வாய்க்கு வழுக்கலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஊமை எகரம். பிரெஞ்சில் ஏராளமான சொற்கள் எழுத்தில் எகரத்தில் முடியும். பேச்சில் அது கேட்காது. ‘மதாம்’ என்ற சொல்லை எழுத்தில் ‘ம-தா-மெ’ என மூன்றாகப் பிரிப்பார்கள், பேச்சில் ‘ம-தாம்’ என இரண்டுதான். ஆனால் அவர்களுடைய மரபுக் கவிதையில், அடுத்து மெய்யெழுத்து வந்தால், அந்த எகரத்துக்கும் ஓர் அசை உண்டு. 12 அசை கொண்ட அடியில் அதையும் எண்ணித்தான் ஆக வேண்டும். பிரான்சின் தென்பகுதி மக்கள் பேச்சிலேயே அதைக் கொஞ்சம் ஒலிக்க விடுகிறார்கள்.

"நம்ம குற்றியலுகரத்துக்குத் தங்கச்சி மாதிரி கீதே" என்றார் அய்யா. ‘காசு’ என்பதில் வரும் உகரத்துக்கு அரை மாத்திரைதான். ‘இல்லை’ வந்தால் அதுவும் போய்க் ‘காசில்லை’ ஆகிவிடும்.

ஆனால் தமிழ்க் காது எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். தமிழில் ப ஒன்றுதான். பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் அந்த ஒரே எழுத்தின் வன்மையும் மென்மையும்தான் வித்தியாசம். தமிழில் எழுதி வைத்துப் படித்தால், ரொட்டி கேட்கப் போய்க் குளிக்கத் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும். ‘யூ’ என்று எழுதிக்கொள்கிற ஓசையும் உண்மையில் ‘யூ’ அல்ல. நாக்கை ‘ஈ’ சொல்வதற்கு வைத்துக்கொண்டு, உதட்டை ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பீரோ அப்படி வந்த சொல்தான். பிரெஞ்சில் அது எழுதும் மேஜைக்கும் அலுவலகத்துக்கும் பெயர். அந்த நடுவாந்தர ஓசையைத் தமிழ் ‘ஈ’ என்று பிடித்துக்கொண்டது. அசை மட்டும் அப்படியே இரண்டு.

‘ப்ல’, ‘ப்ர’ போன்ற கூட்டுகளும் அப்படித்தான். பிரெஞ்சில் அவை பிரியாமல் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும். புதுச்சேரி கவர்னராக 1742 முதல் 1754 வரை இருந்தவரின் பெயர் ‘த்யூ-ப்லெக்ஸ்’. தமிழ் வாய் அதைத் ‘துப்-ளே’ என்று வெட்டித்தான் வழக்கம். அவருடைய துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பெயர்களை எல்லாம் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில்தான் பதிந்து வைத்தார். அவருக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆம்பூருக்கே வந்தார்கள். ஷூ வாங்க அல்ல. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். சந்தா சாகிப் பக்கம் நின்ற பிரெஞ்சுப் படையின் தளபதி பெயர் தோதேய். ‘ஓதேய்’ என்ற ஊர்ப்பெயரோடு ‘தெ’ சேர்ந்து, எகரம் கெட்டு, ‘தோதேய்’. "பாத்தியா, ஆம்பூர்ச் சண்டையிலகூட ஒரு கெடுதல் விகாரம்" என்றார் அய்யா.

விதிகள் புரிந்தும் ஓர் ஓசை மட்டும் மகளுக்கு வரவில்லை. ‘உள்ளே’ என்னும் அந்தச் சொல். எஸ்ஸை விழுங்கக் கற்றுக்கொண்டாள். அதற்கு முன்னால் இருக்கும் ‘ன்’ அடங்கவில்லை. நாக்கு மேலே தொடக் கூடாது, மூக்கு வழியாக மட்டும் காற்று போக வேண்டும் என்று ஆப் சொன்னது. அவள் சொன்னதெல்லாம் தெளிவான, அழுத்தமான ‘தான்’ ஆகவே வந்தது.

ஒரு காலையில் வேன் ஹாரன் அடித்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "நா கெளம்பறே, கதவ சாத்திக்க" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "அம்மா, இன்னொரு தரம் சொல்லு."

"இன்னாது? கதவ சாத்திக்க."

"அது இல்ல. மொத வார்த்த."

"நா."

அதில் ‘ன்’ இல்லை. இல்லாமலும் இல்லை. ‘ஆ’ என்ற உயிரே மூக்கு வழியாகக் கொஞ்சம் கசிந்தது. நாக்கு எதையும் தொடவில்லை. ஆப் மூன்று மாதமாகச் சொன்னது இதைத்தான்.

அன்று பஸ்ஸில் வேலூர் போகும் வழியெல்லாம் அவள் தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். எழுதும்போது ‘நான்’, வீட்டில் ‘நா’. எழுதும்போது ‘மரம்’, வீட்டில் ‘மரோ’ மாதிரி மூக்கில் முடியும் ஓர் ஓசை. எழுதும்போது ‘வந்தேன்’, வீட்டில் ‘வந்தே’. பிரெஞ்சுக்காரர்கள் ‘உள்ளே’ என்கிற சொல்லில் வருவது இந்த ‘நா’. அவர்கள் ‘நல்லது’ என்னும்போது வருவது, கிட்டத்தட்ட இந்த ‘மர’த்தின் கடைசி. அவர்களுடைய ரொட்டியில் ஒலிப்பதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது இந்த ‘வந்தே’. மூன்றும் அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவை. பள்ளிக்கூடத்தில் திருத்தித் திருத்தி நாக்கை மேலே தொட வைத்ததும் இதே மூன்றைத்தான்.

அய்யாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நான்தான திருத்தினேன். ‘நா இல்லடா, நான்’னு எத்தன புள்ளைங்கள எழுப்பி நிக்க வச்சிருப்பேன்" என்றார். பிறகு மெல்ல, "எழுதும்போது ‘ன்’ வேணும்தான். ஆனா உங்கம்மா பேசறது தப்புன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

‘டெல்ஃப்’ என்று ஒரு பிரெஞ்சுத் தேர்வு உண்டு. அதன் முதல் படி ஏ1. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. தேர்வு எழுத அவள் புதுச்சேரி போனாள். 1889 முதல் அங்கே இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸைத் தேடி நடக்கும்போது, தெருப் பலகைகளைத் தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிப் படித்துப் பார்த்தாள். புஸ்ஸி வீதி. ஆம்பூர்ச் சண்டையில் இருந்த இன்னொரு பிரெஞ்சு அதிகாரியின் பெயர் அது. ஊராட்சிக்குக் ‘கொம்யூன்’ என்று எழுதியிருந்தது. இங்கே யாருக்கும் இந்தச் சொற்கள் வாயில் சிக்கவில்லை. டீக்கடைக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ ஆற்றினார்.

பேச்சுத் தேர்வில் எதிரே இருந்த அம்மையார் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, குடும்பத்தைப் பற்றியது. அவள் மேஜைக்கு அடியில் விரலால் தட்டிக்கொண்டாள்.

"மா மேர் த்ரவாய் தான்-ஸ்யூ-ன்யூ-ஸீன்."

அந்த அம்மையார் தலையாட்டிவிட்டு, "என்ன தொழிற்சாலை?" என்று கேட்டார். அவ்வளவுதான். டான்ஸ் இல்லை, சிரிப்பு இல்லை. பேச்சு அடுத்த வரிக்குப் போயிற்று. தேர்ச்சி பெற்ற செய்தி பிறகு வந்தது. ஆனால் தான் பாஸாகிவிட்டது அவளுக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு சேதி சொன்னாள். "நீ தைக்கற வேம்ப் இருக்குதே, அது பழைய பிரெஞ்சு வார்த்தம்மா. ‘அவான்’னா முன்னால. ‘பியே’ன்னா பாதம். முன்பாதம். இங்கிலீஷ்காரங்க முதல் அசையையும் கடைசியையும் தேய்ச்சுத் தேய்ச்சு ‘வேம்ப்’ ஆக்கிட்டாங்க." டப்பாவில் போடும் 36, 37 என்ற சைஸும் பாரிஸ் கணக்குதான், மூன்று பாயிண்ட் சேர்ந்தால் 2 சென்டிமீட்டர் என்றும் சொன்னாள்.

"பதினெட்டு வருஷமா பிரெஞ்சுதான் பேசினு இருந்தனா?" என்றார் அம்மா.

அடுத்த சீசனுக்குப் பையர் மறுபடி வந்தார். தையல் வரிசை வழியாக நடந்துவந்தபோது, அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வேம்பைக் கையில் எடுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தார். மகள் கூடவே நின்றாள். அவர் போன வருடத்தை மறந்துவிட்டிருக்கலாம். அவள் மறக்கவில்லை. "இவங்க என் அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு, அந்தப் பழைய வாக்கியத்தையும் சொன்னாள். இந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார், 18 வருடமாக.

பையர் கையிலிருந்த வேம்பை வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து லேசாகத் தலை குனிந்து ஏதோ சொன்னார். அம்மா எழுந்து நின்று கும்பிட்டார்.

ராத்திரி வேனை விட்டு இறங்கி நடக்கும்போது அம்மா கேட்டார். "அந்த ஆளு இன்னாடி சொன்னாரு?"

"‘ஆன்ஷான்தே மதாம்’னாரும்மா. உங்களப் பாத்ததுல சந்தோஷம்னு அர்த்தம்."

அம்மா நடந்துகொண்டே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டு ‘ஆ’வும் அவர் ‘நா’ என்று சொல்வது போலவே, நாக்கு எங்கும் படாமல், மூக்கில் மிதந்து வந்தன. மகள் அந்த ஓசைக்கு ஒரு வருடம் பாடுபட்டிருந்தாள். அவள் நின்று அம்மாவையே பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அப்பிடி பாக்கற? சொன்னது தப்பா?"

"இல்லம்மா. சரியாச் சொன்ன."

"இதுல இன்னாடி கஷ்டம்? நம்ம பேச்சு மாதிரியேதான் கீது" என்று சொல்லிவிட்டு, அம்மா டிபன் பாக்ஸ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.